தாம்பரத்தில் பதிப்புரிமை பேசப் போனேன்

மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரத்தில் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்போம். சென்னைக்கு வந்த முதல் காலை, என்னை அழைத்துப்போக வந்த பாஸ்கரிடமும் அதையே கேட்டேன். மனிதர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஓ, டிபனா? ஆச்சு மேடம்" என்றார். போகிற வழியில், எங்கேயாவது நிறுத்தி தண்ணி குடிக்கலாமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் தண்ணி என்றால் தேநீர், காப்பி எல்லாம் அதில் அடக்கம். அவர் வண்டியை ஓரங்கட்டி, கடையில் ஒரு குடிநீர் பாட்டில் வாங்கி என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும், தான் புரிந்துகொண்டது இதுதானா என்று ஒருமுறை சொல்லிக்காட்டிய பிறகே செய்தார்.

ஈப்போவில் பாடநூல் வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் உரிமைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களோடு சேர்ந்து புத்தகம் போடும் சென்னைப் பதிப்பகம், தென்சென்னைப் புறநகர்க் கல்லூரிகளில் மாணவர்களுக்குப் பதிப்புரிமை பற்றியும் இணையத் திருட்டு பற்றியும் பேச ஆள் வேண்டும் என்றது. தமிழில் பேச வேண்டும், மாணவர்கள் தூங்கக் கூடாது, இந்த இரண்டுதான் நிபந்தனை. போய் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பாஸ்கர் அந்தப் பதிப்பகத்தின் விற்பனை அதிகாரி. எந்தக் கல்லூரியைச் சொன்னாலும் அங்கே கேன்டீன் எப்படி என்பதுதான் அவருக்கு முதலில் நினைவு வரும்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், பாஸ்கருடைய அக்கா வீட்டு மாடியில் தங்கினேன். விடிந்ததும் ஏரிக்கரையில் நடக்கப் போனால் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும் ஆசிரியர்களும் கூட்டமாக நடக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பூங்காவில் பத்து வருடமாக எதிரில் நடந்துவரும் சீனப் பெரியவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சிட்லபாக்கத்தில் ஏரியை ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் என் வேலை, என் மகள் படிக்கிற படிப்பு, எனக்கு சர்க்கரை உண்டா இல்லையா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டார்கள். பதிப்புரிமை பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் ஒருவர் கைப்பேசியைப் பின்னால் ஒளிப்பதுபோல் நடித்தார். தினமும் காலையில் யாரோ அனுப்பும் நாளிதழ் பிடிஎஃப்பைத்தான் அவர் படிக்கிறாராம்.

புதன்கிழமை முதல் கல்லூரி. பொங்கல் சாப்பிடாமல் பேசப் போகக் கூடாது என்று பாஸ்கர் பிடிவாதமாக கேன்டீனில் உட்காரவைத்தார். பொங்கலில் முழு மிளகு கடிபட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, அதற்கு மேல் காப்பி. எங்கள் ஊரில் காப்பி பெரிய கோப்பையில் வரும், அரட்டையடித்தபடி அரைமணி நேரம் குடிப்போம். இங்கே மூன்று மடக்கில் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த பிறகும் நாக்கில் நிற்கிறது. நான் மூன்று டம்ளர் குடித்துவிட்டு மேடையேறினேன். பேச்சு வேகமாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று பாஸ்கர் பிறகு சொன்னார்.

ஒரு பாடநூலுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பேசினேன். எழுதியவர், பிழை திருத்தியவர், வரைபடம் போட்டவர், அச்சுக்கூடத்தில் தாள் மடித்தவர். அப்புறம் அந்தப் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் ஏற்றிவிட்டால் என்ன ஆகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். கடைசிப் படம், சட்டம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பதைப் பற்றியது. ஆராய்ச்சிக்கு மேற்கோள் காட்டலாம், ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம், அச்சில் படிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகத்தை வேறு வடிவில் மாற்றிக் கொடுக்கலாம். இப்படிச் சில. மாணவர்கள் சிரித்தார்கள், கேட்டார்கள். தூங்கியவர்கள் இரண்டே பேர், இருவரும் பேராசிரியர்கள்.

வியாழக்கிழமை எல்லாம் கோணலாகப் போனது. காலையில் பாஸ்கர் ஸ்கூட்டருக்குப் பஞ்சர். தாம்பரம் ஒரே ஒரு ஸ்டேஷன்தான், சானடோரியத்தில் ரயில் ஏறி அங்கே இறங்கிவிடுங்கள், வெளியே வந்ததும் ஷேர் ஆட்டோ இருக்கும் என்று போனில் சொன்னார். ஏறினேன், இறங்கினேன். வெளியே வந்தேன். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாம்பரத்தில் தண்டவாளத்துக்குக் கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. ஓட்டுநர் "உள்ள தள்ளுக்கா, இடம் கீது" என்றார். இடம் எங்கே இருந்தது என்பது இப்போதும் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். மடியில் பள்ளிக்கூடப் பை ஒன்றை யாரோ வைத்தார்கள். கிழக்கே கேம்ப் ரோடு வந்த பிறகுதான் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். மொத்த ஆட்டோவும் திரும்பி என்னைப் பார்த்தது. அது மேற்கே இருக்கும் கல்லூரி. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எனக்காக ஓட்டுநரோடு சண்டைக்கே போய்விட்டார், ஏறும்போதே கேட்க வேண்டாமா என்று. எதிரே வந்த வேறொரு ஆட்டோவை நிறுத்தி அவரே என்னை ஏற்றிவிட்டார்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அரங்கம் நிறைந்து, நெடுநேரம் காத்திருந்த சலிப்பு எல்லார் முகத்திலும் தெரிந்தது. மதிய உணவு மணிக்குள் முடித்துக்கொடுங்கள் என்று முதல்வர் கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அன்று பேச்சு அமர்க்களமாக அமைந்தது. ஒரு மாணவி எழுந்து, சீனியர் அனுப்புகிற பிடிஎஃப்பும் திருட்டுதானா என்று கேட்டாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "சீனியர் அனுப்பினால் சீனியர் திருட்டு" என்றேன். அரங்கம் கைதட்டியது. அந்த உற்சாகத்தில், புத்தகத்தை ஸ்கேன் செய்தாலும் சரி, குரலில் பதிவு செய்தாலும் சரி, அனுமதி இல்லாமல் குழுவில் பகிர்ந்தால் அது குற்றம்தான் என்று அழுத்திச் சொன்னேன். அதோடு மணி அடித்துவிட்டது. கடைசிப் படத்தைப் போடவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று நினைத்தேன். மதியம் கல்லூரியில் போட்ட வத்தக்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு. பல்லாவரம் சந்தையைப் பார்க்காமல் போகக் கூடாது என்று ஏரிக்கரை நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் கிளம்பினேன், பாஸ்கரும் கூட வந்தார். எங்கள் ஊர் இரவுச் சந்தையில் சாப்பாடும் துணிமணியும்தான். இங்கே ஒரே சாலையில் பழைய தையல் மெஷின், லவ் பேர்ட்ஸ், கதவு, கருவாடு, கம்ப்யூட்டர் கீபோர்ட், மாங்கன்று எல்லாம் கிடைக்கிறது. ஒருவர் வெறும் ரிமோட்டுகளை மட்டும் குவித்து வைத்திருந்தார். இதில் எந்த ரிமோட் எந்த டிவிக்கு என்று எப்படித் தெரியும் என்று பாஸ்கர் கேட்டதற்கு, டிவியை எடுத்துக்கினு வா, சொல்றேன் என்றார் கடைக்காரர்.

செடிக்கடை ஒன்றில் ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு அருகில் வந்தார்.

"மேடம், நேத்து எங்க காலேஜுக்கு வந்தது நீங்கதான?"

ஆமாம் என்றேன். அவர் பெயர் தினேஷ். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. கடை அவருடைய மாமாவுடையது, கல்லூரி விட்டதும் வந்து உதவுவாராம். பேச்சு பிடித்ததா என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"நல்லா இருந்துச்சு மேடம். ஆனா எங்களுக்குத்தான் ஒரே பேஜாராப் பூடுச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டோம். இனிமே கேஸு எதுனா வருமா?"

எதை அழித்தீர்கள் என்று கேட்டேன். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார். வகுப்பில் நிவேதா என்றொரு பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. பாடநூல்கள் தமிழில் இருக்கின்றன. ஸ்கேன் செய்து கொடுத்தால் அவளுடைய கைப்பேசிச் செயலி தப்பும் தவறுமாகப் படிக்கிறது. அதனால் இவர்கள் நான்கு பேர் முறைவைத்துப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து, குரலைப் பதிவு செய்து, ஒரு குழுவில் போட்டு வந்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக நடக்கிறது. நேற்று என் பேச்சைக் கேட்டதும் நான்கு பேரும் பயந்துபோய், அன்று சாயங்காலமே கோப்புகளை எல்லாம் நீக்கி, குழுவையும் கலைத்துவிட்டார்கள். நிவேதாவிடமும் அவளிடம் உள்ளதை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அந்தப் பிள்ளைகள் செய்தது குற்றமே இல்லை. பார்வையற்ற ஒருவர் படிப்பதற்காகப் புத்தகத்தைக் குரலில் மாற்றிக் கொடுப்பதை இந்த நாட்டுச் சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. நான் போடாமல் விட்ட அந்தக் கடைசிப் படத்தில் இருந்தது அதுதான். இதை தினேஷிடம் சொன்னேன். அவர் என்னை நம்பாமல் பாஸ்கரைப் பார்த்தார்.

"நேத்து வேற மாதிரி சொன்னீங்களே மேடம்" என்றார் மெதுவாக.

கைப்பேசியில் சட்டப் பிரிவை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். செடி வாங்க வந்த இரண்டு பேரும் சேர்ந்து நின்று கேட்டார்கள். தினேஷ் முகம் தெளிந்தது. உடனே நிவேதாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் வீடு பம்மலில் இருந்தது. பாஸ்கர் ஒரு ஆட்டோவைப் பிடித்தார். தினேஷ் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். வழி முழுக்க, நிவேதா தன்னோடு பேசமாட்டாள் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

பம்மலில் சந்து சந்தாகப் போய், ஒரு தோல் பட்டறைக்குப் பின்னால் மாடிப்படி ஏறினோம். நிவேதாவின் அம்மா கையுறை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர், அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே கேழ்வரகு அடை போட ஆரம்பித்துவிட்டார். நிவேதா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் குரலைக் கேட்டதும் சிரித்தாள்.

"மலேசியா மேடம்தான? 'சரிங்களா, சரிங்களா'ன்னு சொல்வீங்களே, அதுலயே தெரிஞ்சிடுச்சு."

நடந்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு, அழித்ததை மீட்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள்.

"அழிச்சிட்டேன்னு இவங்ககிட்ட சொன்னேன். அழிக்கல. பரீட்சைக்குப் படிக்கிற பாடத்த யாராவது அழிப்பாங்களா மேடம்?"

தினேஷ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அவருடைய வாசிப்பு உட்பட எல்லாம் அவள் கைப்பேசியில் பத்திரமாக இருந்தது. இன்னும் பதிவாகாத கடைசி இரண்டு அத்தியாயங்கள்தான் பாக்கி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுடச்சுட அடை வேறு வந்தது. முருங்கைக்கீரை போட்டு, ஓரம் மொறுமொறுவென்று. கதை முடிந்தது என்று நினைத்து இரண்டாவது அடையை எடுத்தேன்.

நிவேதாவுக்குக் கதை இன்னும் முடியவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வகுப்பில் நடந்ததை அவள் சொன்னாள். பாடக் குறிப்பு கேட்டால்கூட, வேண்டாம் நிவி, பிரச்சினை ஆகிவிடும் என்று நகர்ந்து போகிறார்களாம். ஒரு பெண், உன்னால்தான் நாங்கள் மாட்டியிருப்போம் என்றாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இங்க எங்ககிட்ட சொன்னது சரி மேடம். ஆனா மைக்குல சொன்னத மைக்குலதான மாத்தணும்? நாளைக்குக் காலேஜ் இருக்கு. வந்து சொல்லுங்க."

நாங்கள் வேண்டுமானால் கல்லூரிக்குக் கடிதம் எழுதுகிறோம் என்று பாஸ்கர் சமாதானமாக ஆரம்பித்தார். கடிதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், அதைத் தன்னால் படிக்க முடியாது என்றாள் நிவேதா. நாளைக்கு வருகிறோம் என்றேன்.

சனிக்கிழமை அந்தக் கல்லூரிக்கு வேலை நாள். மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டுகிறார்கள். பாஸ்கர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. நேற்று முன்தினம் கைதட்டு வாங்கிய பேச்சை இன்றைக்கு மாற்றிச் சொன்னால், இந்தக் கல்லூரி இனி தன்னை வாசலில்கூட விடாது என்று பயந்தார். எனக்கு இந்தப் பயணத்தோடு முடிந்துவிடும், அவருக்கு அங்கே தினசரிப் பிழைப்பு.

முதல்வர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நன்றாகப் பதிந்த செய்தியைக் குழப்ப வேண்டாம், ஒரு சலுகையைச் சொன்னால் எல்லாரும் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். பாஸ்கர்தான் பேசினார். நான் சிறிதும் எதிர்பார்க்கவில்லை.

"சார், தப்பா சொன்னது எங்க சைடு. கரெக்ட் பண்ணலைன்னா, அந்தப் பொண்ணு ஃபெயிலானா அதுவும் எங்க சைடுதான். ஃபைவ் மினிட்ஸ் குடுங்க சார்."

அப்போது நூலகர் மலர்விழி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நிவேதாவுக்கு என்று நூலகத்திலேயே பதிவு செய்ய ஓர் அறை ஒதுக்குவதாகவும், பொறுப்பைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். முதல்வர் அதற்கு இணங்கி, முதல் மணி முடிந்ததும் அரங்கத்துக்கு வரச்சொல்லி எல்லா வகுப்புக்கும் ஆள் அனுப்பினார்.

மேடையில் நான் சுற்றி வளைக்கவில்லை. வியாழக்கிழமை பாதி சட்டத்தைத்தான் சொன்னேன், மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். விற்பதற்கோ, விலை கொடுத்து வாங்காமல் தப்பிப்பதற்கோ ஒரு புத்தகத்தை நகலெடுத்துப் பரப்புவது வேறு. அச்சைப் படிக்க முடியாத ஒருவருக்கு அதே புத்தகத்தைப் படிக்கும்படி ஆக்கிக்கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு யாரிடமும் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் நான்கு பேர் அதைச் செய்திருக்கிறார்கள், என் அவசரத்தால் அவர்கள் பயந்துபோனார்கள், தவறு என்னுடையது என்று முடித்தேன். வியாழக்கிழமை வாங்கிய கைதட்டு இன்று கிடைக்காது என்று தெரிந்தேதான் ஏறியிருந்தேன்.

பின்வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். முகத்தில் குறும்பு. "மேடம், அப்போ நிவேதாவுக்கு அனுப்புற ஆடியோவ நாங்களும் கேட்டுக்கலாமா? பஸ்ல வர்றப்போ யூஸா இருக்கும்."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மூன்றாவது வரிசையிலிருந்து நிவேதாவின் குரல் கணீரென்று வந்தது.

"அதெல்லாம் முடியாது மச்சான். உனக்குக் கண்ணு நல்லாத்தான கீது? புக்கு வாங்கிப் படி."

சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். முதல்வரே சிரித்துவிட்டார். கூட்டம் கலைந்தபோது, முந்தின நாள் நகர்ந்து போனவர்களில் இரண்டு பேர் நிவேதா பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. நீண்ட நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் நூலகத்தில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, மின்விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது என்று அதை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க எட்டாவது அத்தியாயத்தை தினேஷ் வாசித்தார். ஒன்பதாவதில் பாதியை நான் வாசித்தேன். நிவேதா பலமுறை நிறுத்தினாள். வேகம் அதிகம், மூச்சுச் சத்தம் கேட்கிறது, பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். உரிமைகள் பிரிவில் இத்தனை வருடம் இருந்து எத்தனையோ புத்தகங்களுக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு புத்தகத்தை இப்படி வரி வரியாக இன்னொருவருக்காக வாசித்தது அதுதான் முதல் முறை. மீதிப் பாதியை, முந்தின நாள் அவளைக் குறைசொன்ன அந்தப் பெண் வாசித்தாள். நிவேதா அவளையும் விட்டுவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரிசூலம் வரை பாஸ்கர் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்து விட்டார். பெட்டி முன்னால், நான் பின்னால். விமான நிலைய வாசலில், இனி எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கடைசிப் படத்தை முதலில் போடச் சொல்லப் போகிறேன் என்றார். பிறகு, "தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டு, கையால் காப்பி ஆற்றுவதுபோல் செய்து காட்டினார். வாசலில் நின்றே இரண்டு காப்பி குடித்தோம்.

ஊர் திரும்பியதும் எங்கள் பதிப்பகத்தில் உட்கார்ந்து பேசினேன். இனிமேல் எங்கள் பாடநூல் ஒவ்வொன்றுக்கும், கைப்பேசிச் செயலி பிழையில்லாமல் வாசிக்கக்கூடிய கோப்பு ஒன்றையும் தயாரிக்கிறோம். பார்வையற்ற மாணவர் கேட்டால் அதை அனுப்பிவிட வேண்டும். முதலாளி முதலில் தலையைச் சொறிந்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

நிவேதா தேர்வில் தேறிவிட்டாள். தினேஷைவிட மதிப்பெண் அதிகம் என்பதை தினேஷே எழுதியிருந்தார். இப்போது அவள் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். வாசிக்க ஆள் போதவில்லை என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் சன்னலை எல்லாம் சாத்திவிட்டு நான் சத்தமாக வாசிப்பதைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் நான் ஏதோ நாடகத்தில் நடிக்கப் போவதாக நினைத்திருக்கிறார். போன வாரம் ஓர் அத்தியாயத்தை முழுதாக முடித்துப் பெருமையோடு அனுப்பினேன். நிவேதா திருப்பி அனுப்பிவிட்டாள். நடுவில் அவசரப்பட்டு இரண்டு பக்கம் தாவியிருக்கிறேனாம். இதோ, அந்த இடத்திலிருந்து மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.